கையெழுத்துக்கு முன் ஒரு கிராபிக்ஸ் கார்டு

ஜூலை 14, திங்கள்

உறுதியான தகவல்: மாடியில் தம்பி வீட்டுக் கணினியில் இருக்கும் கிராபிக்ஸ் கார்டு இரண்டு ஜிபி. தயாரான ஆண்டு 2014. ஆதாரம்: தம்பி மகள் ஷெரின், ஓசூரிலிருந்து போனில், மதியம் 1.10.

கல்லூரியில் படிக்கும்போது அவளே பாகம் பாகமாகப் பழையது வாங்கிச் சேர்த்த கணினி. வேலை கிடைத்துப் போனபோது அப்பாவுக்கு விட்டுப்போனாள். கூடவே ஒரு பிளாஸ்டிக் ஸ்டீயரிங், மூன்று பெடல். தம்பி சவரிமுத்து இருபத்து மூன்று ஆண்டு அரசுப் பேருந்து ஓட்டியவன். சென்ற ஆகஸ்டிலிருந்து டிப்போவில் டைம் ஆபீசில் உட்கார்ந்து வண்டி போகும், வரும் நேரத்தை எழுதுகிறான். மாலை நாலரைக்கு வீட்டுக்கு வந்ததும் முகம் கழுவிக் கணினியில் பேருந்து ஓட்டுகிறான். யாரோ நம் பக்கத்துச் சாலைகளைக் கணினிக்குள் வரைந்து வைத்திருக்கிறார்கள். வத்தலக்குண்டு முதல் கொடைக்கானல் வரை மலைப்பாதை உண்டு.

அவனுடைய குறை கண்ணாடி. திரையில் படத்தை வரையும் அந்தக் கார்டு திணறுகிறது என்று ஷெரின் பக்கக் கண்ணாடிகளில் பிம்பம் தெரியாதபடி அணைத்து வைத்திருக்கிறாள்.

"கண்ணாடி இல்லாம எவன்க்கா பஸ் ஓட்டுவான்? பின்னாடி வர்றவனுக்கு நான் என்ன மரியாதை குடுக்குறது?"

புதுக் கார்டு வாங்கித் தருவதாகச் சொல்லிவிட்டேன்.

ஷெரின் போனை வைக்கும்முன் கேட்டாள்: "அத்தை, அந்த ஃபார்ம்ல கையெழுத்துப் போட்டாச்சா?" இன்னும் இல்லை. கடைசி நாள் ஆகஸ்ட் 12.

ஜூலை 16, புதன்

படிவத்தை இன்று முழுதாகப் படித்தேன். இரண்டு பக்கம். இரண்டாம் பக்கம் உடன் வசிப்பவர் தரவேண்டிய உறுதிமொழி. கடந்த பன்னிரண்டு மாதங்களில் மனுதாரர் நினைவு தவறியதையோ, விழித்தபடியே செயலற்று நின்றதையோ நான் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் நாள், நேரம், எவ்வளவு நேரம் என்று நிரப்ப ஒரு கட்டம். கீழே கையெழுத்து. இதை வைத்து ஆகஸ்ட் 20 அன்று மருத்துவக் குழு அவனுக்கு மறுபடி ஸ்டீயரிங்கைக் கொடுக்கலாமா என்று முடிவு செய்யும்.

அவன் மனைவி லூர்து போட்டிருக்கலாம். அவளுக்கு மில்லில் இரண்டாம் ஷிப்ட். அவன் வீட்டில் இருக்கும் நேரத்தில் அவள் இருப்பதில்லை. கீழ் வீட்டிலிருந்து செய்தி அனுப்பும் நான்தான் இருக்கிறேன். தவிர, சவரிமுத்து எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறான்: "எங்கக்கா நிருபர். அது கையெழுத்துப் போட்டா கலெக்டரே கேள்வி கேக்க மாட்டாரு."

கேட்பார். கேட்டிருக்கிறார்.

ஜூலை 19, சனி

மாடிக்குப் போனேன். சின்ன வெங்காயத்தை எடுத்துப்போய் அங்கேயே உட்கார்ந்து உரித்தேன்.

அவன் ஓட்டுவதைப் பார்க்க வேடிக்கைதான். சட்டையை மாற்றாமல் காக்கியிலேயே உட்காருவான். நிறுத்தம் வந்தால் நிற்பான். ஏறுகிறவர்கள் ஏறி முடிக்கும்வரை காத்திருந்து, வாயாலேயே இரண்டு விசில் அடித்துக் கிளப்புவான். ஒரு கார் குறுக்கே வந்தது. "ஏம்ப்பா, லைசென்ஸ் என்ன பாக்கெட் பாலோட சேத்துக் குடுத்தாங்களா?" என்றான்.

காமக்காபட்டிக்கு மேலே ஒரு வளைவில் பேருந்து திரும்பாமல் நேராகப் போய்த் தடுப்புச் சுவரில் முட்டி நின்றது. படம் ஹேங் ஆகிவிட்டது என்றான். இந்த வாரத்தில் இது இரண்டாவது முறையாம்.

நான் அப்போது திரையைப் பார்க்கவில்லை.

ஜூலை 21, திங்கள்

மின்தடை, காலை 9 முதல் மாலை 5 வரை. மாதாந்திரப் பராமரிப்பு.

ஜூலை 22, செவ்வாய்

கணினிப் பெட்டியை ஆட்டோவில் ஏற்றிப் பேருந்து நிலையம் அருகே பர்கத்தின் கடைக்குக் கொண்டுபோனேன். முதல் மாடி, பத்துக்குப் பத்து அறை, மேசை முழுவதும் திறந்து கிடக்கும் கணினிகள். அவருக்கு முப்பத்தைந்து வயது இருக்கும்.

"என்ன கேம் மேடம்? எத்தனை எஃப்பிஎஸ் வேணும்?"

நொடிக்கு எத்தனை படம் திரையில் வருகிறது என்பதுதான் எஃப்பிஎஸ். அறுபது வந்தால் கண்ணுக்குச் சீராக இருக்கும். இப்போது பதினெட்டு, இருபதுதான் வருகிறது.

"எத்தனை வேண்டுமானாலும் இருக்கட்டும். நிற்கக் கூடாது."

"எந்தக் கார்டும் எப்பவாவது நிக்கும் மேடம்."

"நின்றால், நின்றது கார்டுதான் என்று தெரிய வேண்டும்."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "நீங்க கார்டு வாங்க வந்தீங்களா, பேட்டி எடுக்க வந்தீங்களா?"

பழைய கார்டை முதலில் சோதித்துச் சொல்லுங்கள் என்று விட்டுவிட்டு வந்தேன்.

ஜூலை 23, புதன்

பர்கத் போன் செய்தார், காலை 11.40. அதே விளையாட்டை அதே சாலையில் நான்கு மணி நேரம் ஓடவிட்டிருக்கிறார். படம் தடுமாறுகிறது, குதிக்கிறது. ஆனால் நிற்கவில்லை. அதிகபட்சத் தாமதம் அரை நொடிக்கும் குறைவு. "நிஜமாவே ஹேங் ஆயிருந்தா உள்ள பதிவாகியிருக்கும் மேடம். ஒரு மாசப் பதிவைப் பாத்துட்டேன். ஒண்ணும் இல்ல."

அவர் கடையில் ஏசி இருக்கிறது. மாடி வீட்டில் இல்லை. சூட்டில் நின்றிருக்கலாம். இது ஒரு ஆதாரம் மட்டுமே. இரண்டாவது வேண்டும்.

ஜூலை 25, வெள்ளி

கார்டு விவகாரம். மூன்று யோசனைகள் வந்தன.

பர்கத்திடம் எட்டு ஜிபி பழைய கார்டு ஒன்று இருக்கிறது. பெரியது, வேகமானது, விலை குறைவு. எங்கே ஓடியது என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: கோவையில் ஒரு கொட்டகையில், பிட்காயின் மாதிரி இணைய நாணயம் எடுக்க, இரவும் பகலும் இரண்டு ஆண்டு. "ஆனா நல்ல கார்டு மேடம். மனுசனே ரெண்டு ஷிப்ட் பாக்குறான், கார்டு பாக்காதா?" அதற்குத் தனி மின்கம்பி வேண்டும். எங்கள் பெட்டியின் பவர் சப்ளையில் அந்தக் கம்பி இல்லை. அதையும் மாற்ற வேண்டும். தவிர, கார்டின் நீளம் இருபத்தேழு சென்டிமீட்டர். பக்க வடிவமைப்புக்கு நான் வைத்திருந்த ஸ்டீல் ஸ்கேலால் உள்ளே அளந்தேன். இருபத்தாறரை.

ஷெரின் சொன்னது நான்கு ஜிபி, ஐந்தாண்டு பழையது. "அப்பாவுக்கு இது போதும் அத்தை. அவரு என்ன போட்டிக்கா போறாரு?"

மூன்றாவது, ஆறு ஜிபி, புதியது, மூன்றாண்டு உத்தரவாதம். பதினேழு சென்டிமீட்டர். தனி மின்கம்பி வேண்டாம், மதர்போர்டிலிருந்தே மின்சாரம் எடுத்துக்கொள்ளும். வேகத்தில் எட்டு ஜிபிக்குச் சற்றுப் பின்னால்.

மூன்றாவதையே சொல்லிவிட்டேன். பழைய கார்டு போட்டால் எது நடந்தாலும் பழசு என்று சொல்லத் தோன்றும். பவர் சப்ளையை மாற்றினால் அதைக் குறை சொல்லலாம். சந்தேகம் எதன் மேலும் போகாத கார்டாக இருக்கட்டும்.

"காசு கூடப் போகுதேக்கா," என்றான் சவரிமுத்து. முகம் மட்டும் சின்னப் பிள்ளை மாதிரி இருந்தது.

ஜூலை 27, ஞாயிறு

பூசை முடிந்து வரும் வழியில் லூர்து பிடித்துக்கொண்டாள்.

"மதினி, அவரு அந்த டைம் ஆபீசுல உக்காந்து உக்காந்து பொம்மை மாதிரி ஆயிட்டாரு. நேத்து மில்லு லீவு, வீட்லதான் இருந்தேன். காப்பி குடிக்கும்போது டம்ளரக் கீழ விட்டுட்டாரு. கேட்டா கை வழுக்கிருச்சுங்கிறாரு. வண்டியில ஏறிட்டா சரியாயிடும். ஒரு கையெழுத்துதான?"

நரம்பு டாக்டர் எழுதிய மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறானா என்று கேட்டேன். காலை ஒன்று, இரவு ஒன்று, தவறாமல் கொடுப்பதாகச் சொன்னாள்.

டம்ளர் எத்தனை மணிக்கு விழுந்தது என்று நான் கேட்கவில்லை.

ஜூலை 30, புதன்

கார்டு வந்துவிட்டது. பர்கத் மாட்டிக் கொடுத்தார், பத்து நிமிட வேலை. திரையின் வலது மூலையில் எஃப்பிஎஸ் எண் எப்போதும் தெரியும்படி வைக்கச் சொன்னேன்.

"எதுக்கு மேடம்? பாக்க நல்லா இருக்காதே."

"இருக்கட்டும்."

மாலை. சவரிமுத்து கண்ணாடியைப் பார்த்தான். உண்மையாகவே பார்த்தான். வண்டியை எடுக்காமல் ஐந்து நிமிடம் வத்தலக்குண்டு நிலையத்திலேயே உட்கார்ந்து, இடது கண்ணாடியையும் வலது கண்ணாடியையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தான். பின்னால் ஒரு நாய் சாலையைக் கடந்தது. "அக்கா, நாய் தெரியுதுக்கா." எண் அறுபதைக் காட்டியது. பிறகு இரண்டு விசில்.

ஷெரின் போனிலேயே வழி சொல்லிக் கணினியில் ஒரு வசதியைத் திறந்துவைத்தாள். விசைப்பலகையில் இரண்டு பொத்தானைச் சேர்த்து அழுத்தினால் திரையில் ஓடிய கடைசி ஐந்து நிமிடம் படமாகப் பதிவாகும். அப்பா ஓட்டுவதை நண்பர்களுக்குக் காட்ட வேண்டுமாம்.

ஆகஸ்ட் 2, சனி

நான்கு நாளாக ஒரு பிழையும் இல்லை. கீழே விழவில்லை, மோதவில்லை, நேரத்துக்குப் போய்ச் சேருகிறான். எல்லாம் கார்டுதான் போலிருக்கிறது.

படிவத்தை எடுத்து மேசைமேல் வைத்தேன். பேனாவும் வைத்தேன். அப்போது ஒன்றியக் கூட்டத்துச் செய்தி கேட்டு அலுவலகத்திலிருந்து போன்.

ஆகஸ்ட் 6, புதன்

விபத்து நடந்து இன்றோடு ஓராண்டு. பழைய தாளை எடுத்துப் பார்த்தேன். ஆறாம் பக்கம், மூன்றாம் பத்தி, பதினான்கு வரி. செம்பட்டி அருகே அரசுப் பேருந்து சாலையோரப் புளிய மரத்தில் மோதியது. பயணிகள் ஒன்பது பேருக்கு லேசான காயம். குறுக்கே வந்த இருசக்கர வாகனத்தின் மீது மோதாமல் இருக்க ஓட்டுநர் வண்டியைத் திருப்பியதால் விபத்து.

எழுதியது நான். ஆதாரம்: ஓட்டுநர். ஓட்டுநர் யார் என்பதை நான் செய்தி மேசைக்குச் சொல்லவில்லை. ஒருவரிடம் கேட்டு ஒரு செய்தி எழுதாதே என்று புதிதாக வந்தவர்களுக்கு இருபத்தெட்டு ஆண்டாகச் சொல்லி வருகிறேன்.

மூன்றாம் நாள் எதிரே உள்ள பெட்ரோல் பங்கில் கேமராப் பதிவைக் காட்டினார்கள். சாலையில் பேருந்து மட்டும் வருகிறது. திருப்பவே இல்லை. சாலை வளைகிறது, அது நேராகப் போகிறது.

அதை நான் எழுதவில்லை. விசாரணைக்கு வந்தவர்கள் பங்கில் கேட்டபோது பதிவு அழிந்திருந்தது. மருத்துவர்தான், எதற்கும் ஓராண்டு ஓட்ட வேண்டாம் என்று எழுதினார்.

சவரிமுத்து பொய் சொல்லவில்லை. இருசக்கர வாகனத்தின் நிறம்கூடச் சொல்கிறான். சிவப்பு.

ஆகஸ்ட் 8, வெள்ளி

மாலை 5.42. கார்டு நிற்கவில்லை. ஆதாரம்: நான்.

ஆகஸ்ட் 9, சனி

நேற்றையதை ஒழுங்காக எழுதிவிடுகிறேன்.

மலைப்பாதை, ஏற்றம். விளையாட்டுக்குள் மழை. வைப்பர் ஓடிக்கொண்டிருந்தது. சவரிமுத்து ஏதோ சொல்லிக்கொண்டே வந்தான், டிப்போ கேண்டீனில் வடை சின்னதாகிவிட்டது பற்றி. வாக்கியத்தின் நடுவில் பேச்சு நின்றது. வளைவு வந்தது. பேருந்து திரும்பவில்லை. சுவரில் முட்டி, எஞ்சின் உறுமியபடி நின்றது. மூலையில் எண் ஐம்பத்தொன்பது, அறுபது, ஐம்பத்தொன்பது. வைப்பர் இடமும் வலமும் போய்க்கொண்டிருந்தது. கண்ணாடியில் பின்னால் ஒரு லாரி வந்து நின்று ஹாரன் அடித்தது. திரையில் எல்லாம் அசைந்தது.

அவன் கை ஸ்டீயரிங்கில் இருந்தது. கண் திறந்திருந்தது. வாயில் எதையோ மெல்லுவதுபோல உதடு அசைந்தது. வாயில் ஒன்றும் இல்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். இருபத்தாறு நொடி.

பிறகு கண் இமைத்தான். "ச்சே. ஹேங் ஆயிருச்சு, பாத்தியாக்கா? புதுக் கார்டும் இதே லட்சணந்தான். அந்தக் கடைக்கார பாயைக் கூப்பிட்டுக் கேளு."

இரண்டு பொத்தானையும் சேர்த்து அழுத்தினேன்.

ஜூலை 19 குறிப்பில் நான் திரையைப் பார்க்கவில்லை என்று எழுதியிருக்கிறேன். அது சரிதான். அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதை எழுதவில்லை.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

பூசைக்குப் பிறகு லூர்து அவள் அம்மா வீட்டுக்குப் போனாள். மாடிக்குப் போய், ஒன்றைப் பார்க்க வேண்டும் என்றேன். பதிவை ஓட்டினேன்.

முதல் தடவை பார்த்துவிட்டு, "ம், இங்கதான் நின்னுச்சு," என்றான்.

இன்னொரு முறை ஓட்டினேன். நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டான்.

மூன்றாவது முறை அவனே மௌசை வாங்கிக்கொண்டான். திரையருகே குனிந்தான். இருபத்து மூன்று ஆண்டு கண்ணாடியைப் பார்த்தே பிழைத்தவன். நேராகக் கண்ணாடியைத்தான் பார்த்தான்.

"பின்னாடி லாரிக்காரன் ஹாரன் அடிக்கிறான்."

"ஆமாம்."

"எனக்குக் கேக்கவே இல்லியேக்கா."

மறுபடி ஓட்டினான். விரலை வைப்பர்மேல் வைத்து அதனோடேயே இடமும் வலமும் கொண்டுபோனான். "வைப்பர் ஓடுது. அப்ப படம் நிக்கல."

"நிற்கவில்லை."

"நான்தான் நின்னுட்டேனா?"

இருபத்தாறு நொடி என்று சொன்னேன். அதற்கு முன்பும் ஒருமுறை பார்த்தேன், ஜூலை 19, அன்று நேரம் குறிக்கவில்லை என்றும் சொன்னேன்.

ஸ்டீயரிங்கை மேசையிலிருந்து கழற்ற ஆரம்பித்தான். ஒரு திருகைக் கழற்றிவிட்டு நிறுத்தினான்.

"அக்கா, அன்னைக்குச் செம்பட்டில டூவீலர்ல ஒருத்தன் வந்தான்ல, சிவப்பு வண்டி?"

"பங்க் கேமராவில் யாரும் இல்லை."

"நீ பாத்தியா?"

"பார்த்தேன்."

"எப்ப?"

"மூன்றாம் நாள்."

கீழே தெருவில் பால் வண்டி மணி அடித்துப் போனது. சவரிமுத்து கையிலிருந்த திருகை உள்ளங்கையில் உருட்டிக்கொண்டிருந்தான். கத்துவான் என்று எதிர்பார்த்தேன்.

"ஒரு வருசமா அவனைத் திட்டிக்கிட்டு இருந்தேன்க்கா," என்றான். "தினமும். குளிக்கும்போதுகூட." பிறகு, "நீ சொல்லியிருக்கலாம்," என்றான்.

சொல்லியிருக்கலாம்.

"நான் கேட்டேன்னு நீ கையெழுத்துப் போட்டுக் குடுத்திருந்தா, ஒம்பது பேரு இல்ல, இந்தத் தடவ அம்பது பேரு. கொடைக்கானல் ரோட்டுல புளியமரம் கிடையாது. அந்தப் பக்கம் பள்ளம்."

படிவத்தைக் கேட்டான். கீழே போய் எடுத்து வந்தேன். இரண்டாம் பக்கத்தைத் திருப்பி, நான் நிரப்ப வேண்டிய கட்டத்தில் அவனே எழுதினான். டைம் ஆபீஸ் கையெழுத்து, ஒரு எண்ணும் கோட்டைத் தொடாது: 8.8, மாலை 5.42, 26 நொடி. அதற்கு மேலே: 19.7, நேரம் குறிக்கப்படவில்லை. பேனாவை என்னிடம் நீட்டினான்.

"இப்பப் போடுக்கா. இப்ப உன் கையெழுத்துக்கு மதிப்பு இருக்கு."

போட்டேன்.

ஆகஸ்ட் 11, திங்கள்

நரம்பியல் மருத்துவரிடம் போனோம். பதிவைப் பென் டிரைவில் கொடுத்தேன். டாக்டர் இரண்டு முறை பார்த்துவிட்டு, இவ்வளவு தெளிவாக யாரும் கொண்டுவந்ததில்லை என்றார்; மற்றவர்கள் வாயால் சொல்வதோடு சரி. மூலையில் அந்த எண் என்ன என்று கேட்டார். சவரிமுத்து விளக்கினான், நொடிக்கு எத்தனை படம் என்று, கொஞ்சம் பெருமையாகவே. புதுக் கார்டு, ஆறு ஜிபி, தனி மின்கம்பி வேண்டாம் என்பதையும் சேர்த்துச் சொன்னான். மாத்திரையை மாற்றி எழுதியிருக்கிறார். வீட்டில் விளையாடத் தடை இல்லை. ஆனால் தனியாக வேண்டாம், நடுவில் எழுந்து இளைப்பாற வேண்டும்.

லூர்து நேற்றிலிருந்து என்னோடு பேசவில்லை. மில்லுக்கும் லீவு போட்டுவிட்டாள். இன்று மாலை கருவாட்டுக் குழம்பு மட்டும் கிண்ணத்தில் வந்தது. கிண்ணத்தைக் கொடுத்துவிட்டு வாசலிலேயே நின்றாள். "அன்னைக்கு டம்ளர் விழுந்தது சாயங்காலம் ஆறரை இருக்கும் மதினி," என்றாள். பிறகு போய்விட்டாள்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

படிவத்தை டிப்போ அலுவலகத்தில் நேரில் கொடுத்தோம், காலை 10.20. டம்ளர் விவரத்தையும் சேர்த்து எழுதியாகிவிட்டது: 26.7, மாலை 6.30 அளவில், பார்த்தவர் மனைவி. ஒப்புகைச் சீட்டு வாங்கிவிட்டேன்.

பர்கத் போன் செய்தார். கார்டு எப்படி, ஹேங் ஆகிறதா என்று. இல்லை, ஒருமுறைகூட நிற்கவில்லை, நன்றாக வேலை செய்கிறது என்றேன். "அப்ப ஏன் மேடம் குரல் இப்படி இருக்கு?" என்றார்.

மாலையில் மாடிக்குப் போனேன். கழற்றிய திருகை மறுபடி மாட்டியிருந்தான். அவன் ஸ்டீயரிங் முன் உட்காரவில்லை. பக்கத்தில் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, என்னை நாற்காலியில் உட்காரச் சொன்னான். எனக்கு ஸ்கூட்டர்கூட ஓட்டத் தெரியாது. வத்தலக்குண்டு நிலையத்தை விட்டு வெளியே வருவதற்குள் ஒரு தள்ளுவண்டியை இடித்தேன்.

"எடது கண்ணாடியப் பாரு நிருபரே. கண்ணாடி எதுக்கு வாங்கிக் குடுத்த? அலங்காரத்துக்கா?"

பார்த்தேன். விசில் அடித்தான், இரண்டு முறை.

இன்னும் வராதவை. மூளைக்கான இ.இ.ஜி. சோதனை நாளை காலை ஒன்பதுக்கு. முடிவு வியாழன் மாலை நான்குக்குப் பிறகு. சென்ற ஆண்டு ஆகஸ்ட் 7 இதழ், ஆறாம் பக்கச் செய்திக்குத் திருத்தம், ஐந்து வரி, ஓட்டுநர் என் தம்பி என்ற குறிப்புடன், இன்று பகல் ஆசிரியருக்கு அனுப்பியிருக்கிறேன். திருத்தத்தைப் பற்றியும் என்னைப் பற்றியும் சனிக்கிழமை பேசலாம் என்று பதில் வந்தது. மருத்துவக் குழு கூடுவது ஆகஸ்ட் 20, புதன், காலை 10.30. உடன் வசிப்பவரும் வர வேண்டும்.